பதினொரு பெட்டி ஜனநாயகமும் ஒரு மீன் ஏலக்காரரும்

புத்தக அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு ஓர் உண்மை தெரியும்: உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் வருகிறார்கள், மீதிப் பேர் மின்விசிறிக்காக வருகிறார்கள். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்து வந்தவன் நான். சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டமாக இருந்து, செம்பனைத் தோட்டமாகி, இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்ட இடத்தில் எங்கள் தொழிலாளர் மன்றத்தின் மண்டபம் மட்டும் மிச்சமிருக்கிறது. தோட்டத்தை விற்றவர்கள் அதைச் சும்மா கொடுக்கவில்லை. நிர்வாகியின் பங்களா வாசலில் ஆறு மாதம் உட்கார்ந்து வாங்கினோம். அதற்குத் துண்டறிக்கை எழுதியது நான். அச்சடித்தது நான். சுவரில் ஒட்டப் பசை காய்ச்சியதும் நான். என்னோடு ஒட்டியவர்களில் ஒருவர் இன்று அரசாங்கப் பட்டம் வாங்கிய டத்தோ. அவர் விரல் இடுக்கில் இன்னும் கொஞ்சம் என் பசை இருக்கும்.

அந்த மண்டபத்தின் பக்க அறைதான் புத்தக அறை. மன்றத்தின் செயலாளரும் நான், அந்த அறைக்குப் பொறுப்பாளரும் நான். ஏதாவதொரு சங்கத்தில் செயலாளராக இருந்து, கூட்டத்துக்கு ஆள் சேர்த்து, நாற்காலி அடுக்கி, கடைசியில் ஏச்சும் வாங்கிய அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. எனக்கே பாதிதான் புரிந்திருக்கிறது.

பெட்டிகள் வந்த நாள்

சுங்கைப் பட்டாணியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர், போவதற்கு முன் தம்முடைய புத்தகங்களை எங்கள் மன்றத்துக்குத் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார். “எல்லாம் இப்ப கிட்டடியில வந்த புத்தகங்கள். உலக அரசியல், ஜனநாயகம். ஆரெண்டாலும் வாசிச்சாப் போதும்” என்றார். நான் ஒரு மேசையில் அடுக்கும் அளவுக்கு எதிர்பார்த்தேன். லோரி வந்து நின்றது. பதினொரு பெட்டி.

லோரிக்காரரும் நானும் இறக்கினோம். பெட்டிகளைத் திறந்தால் எல்லா அட்டையிலும் ஏதோ ஒன்று உடைந்திருந்தது. ஒன்றில் தூண் விரிசல் விட்டிருந்தது. ஒன்றில் ஓட்டுப் பெட்டி சாய்ந்து கிடந்தது. ஒன்றில் கொடி கிழிந்து தொங்கியது. இதெல்லாம் எதைப் பற்றி என்று லோரிக்காரர் கேட்டார். ஜனநாயகத்துக்கு என்ன நோய், எப்படிக் குணப்படுத்துவது என்று உலகம் முழுக்க உள்ள அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிகளை ஒரு முறை எண்ணிவிட்டுச் சொன்னார்: “இத்தன டாக்டருங்க பாத்துமாண்ணே இன்னும் எழுந்து உக்காரல?”

எதிரி வராத புத்தகம்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் துண்டறிக்கைகள். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் துண்டறிக்கையில்தான் கற்றுக்கொண்டேன். நல்ல துண்டறிக்கைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் வரியில் எதிரி வந்துவிட வேண்டும். நடுவில் அவன் செய்த அநியாயம். கடைசி வரியில் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு. படித்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

பெட்டியிலிருந்து ஒரு தடித்த சிவப்புப் புத்தகத்தை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று வாரம் படித்தேன். இருநூறு பக்கம் தாண்டியும் எதிரி வரவில்லை. “காரணங்கள் பல” என்று வந்தது. “ஒருபுறம்” என்றார், “மறுபுறம்” என்றார், எனக்குக் கழுத்து வலித்தது. அடிக்குறிப்புகள் எறும்பு வரிசை மாதிரிப் போய்க்கொண்டே இருந்தன. சரி, கடைசிப் பக்கத்திலாவது என்ன செய்வதென்று இருக்கும் என்று திருப்பினால், இது மேலும் ஆராயப்பட வேண்டிய விஷயம் என்று முடித்திருந்தார். விமானத்தில் போய் ஏழை நாடுகளைப் பார்த்துவிட்டு வந்த மனிதர், அடுத்த விமானத்துக்குச் சீட்டு எடுக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மன்றத் தலைவர் லெட்சுமணனிடம் அந்தப் பக்கத்தை மொழிபெயர்த்துக் காட்டினேன். லெட்சுமணன் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே என் தோழர். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவர். அன்று ஆட்டவில்லை. “கூட்டம் எங்க, எத்தன மணிக்குன்னு போடாத நோட்டீச நான் கையிலயே வாங்க மாட்டேன்லா, தோழரே” என்றார்.

மெல்லச் சாகிறதாம்

இருந்தாலும் அந்தச் சிவப்புப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்காருவோம். அவர்களுக்கு அதை விளக்கினேன். முன்பெல்லாம் ஜனநாயகத்தைக் கொல்ல ராணுவ வண்டி வந்தது. இப்போது ஓட்டு வாங்கி ஜெயித்தவரே மெதுவாகக் கொல்கிறார். அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. நாற்காலியில் அதிக வருடம் உட்கார்ந்திருப்பார். விதிகளை லேசாக வளைப்பார். சுற்றி வேண்டியவர்களை வைத்துக்கொள்வார். கேள்வி கேட்டால் துரோகி என்பார். தேர்தல் நடக்கும், ஆனால் முடிவு முதலிலேயே எல்லாருக்கும் தெரியும். உலகத் தலைவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துக் கன்னத்தில் அறைவது மாதிரி பேசினேன் என்று பிறகு லெட்சுமணன் பாராட்டினார்.

ஒருவர், இது தன்னுடைய கோயில் கமிட்டி என்றார். இன்னொருவர், தன் மகன் குடியிருக்கும் அடுக்குமாடியின் குடியிருப்பாளர் சங்கம் என்றார். மூன்றாமவர், தன் அண்ணன் என்றார். சரோஜாவும் அந்த வட்டத்தில் இருந்தாள். சரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதே தோட்டத்தில் பிறந்தவள், ஐம்பது வயது தாண்டியவள். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு ஒன்பது பெண்களைச் சேர்த்து முறுக்குச் சுட்டுப் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்கிறாள். வீட்டுச் சமையலறை போதவில்லை, மன்றத்தின் பக்க அறையைக் கொடுங்கள் என்று மூன்று முறை கேட்டிருந்தாள். மூன்று முறையும் நான் கூட்டக் குறிப்பில் “ஆலோசிக்கப்படும்” என்று எழுதியிருந்தேன். அன்று அவள் நான் சொன்ன அடையாளங்களை ஒவ்வொன்றாக விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்ததை முதலில் நான் கவனிக்கவில்லை. ஐந்து விரலும் மடிந்ததும் கேட்டாள்: “அண்ணே, நம்ம மன்றத்துல செயலாளருக்குக் கடசியா போட்டி நடந்தது எப்போ?”

பத்துப் புத்தகம், பதினொரு வழி

“எல்லாரும் ஒத்துமையா இருக்கும்போது போட்டி எதுக்கும்மா?” என்று அப்போதைக்குச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் மனது ஆறவில்லை. இந்த மண்டபத்தை வாங்கிக் கொடுத்தவனைப் பார்த்து அப்படிக் கேட்கிறாளே என்று கோபம். அவளுக்குப் பதில் சொல்ல ஆதாரம் தேடிப் பெட்டி பெட்டியாகப் பிரித்தேன். ஒரு புத்தகம், விவரம் தெரியாதவர்கள் ஓட்டுப் போடுவதால்தான் கெட்டது, விவரம் தெரிந்தவர்களிடம் விட வேண்டும் என்றது. நல்ல மனிதர் என்று நினைத்தேன். இரண்டு அத்தியாயம் கழித்துப் பார்த்தால், அவருடைய கணக்கில் ஆறாம் வகுப்போடு நின்றவன் விவரம் தெரியாதவன். இன்னொரு புத்தகம், தேர்தலே வேண்டாம், சீட்டுக் குலுக்கி ஆளைத் தேர்ந்தெடுங்கள் என்றது. ஒன்று, அடிக்கடி தேர்தல் வைத்தால் மக்கள் களைத்துப்போகிறார்கள் என்றது. அடுத்தது, வைக்காததால்தான் களைத்துப்போகிறார்கள் என்றது. எல்லாருமே சரியாகச் சொல்வது போலவும் இருந்தது. நான் அடையாளத்துக்கு வைத்த துண்டுச் சீட்டுகள் புத்தகங்களில் முள்ளம்பன்றி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

சரி, அறிஞர்கள் வேண்டாம், மக்களையே கேட்போம் என்று முடிவு செய்தேன். அந்தக் காலை நேரத்தில் எனக்குக் கிடைத்த மக்கள் மகேஸ்வரி ஒருத்திதான். கையுறைத் தொழிற்சாலையில் இரவு சிப்ட் முடித்துவிட்டு, வீட்டில் தகரக் கூரைச் சூடு தாங்காமல், புத்தக அறை பெஞ்சில் மின்விசிறிக்குக் கீழே தலைக்குப் பையை வைத்துத் தூங்குகிற பெண். அவளை எழுப்பி, நீ எதற்காக ஓட்டுப் போடுகிறாய், ஜனநாயகத்தில் உனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “லீவு நாள்ல வச்சா நம்பிக்க இருக்குண்ணே. சிப்ட் நாள்ல வச்சா தூக்கம் இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெண்டாங்கில் ஒரு மணி நேரம்

இந்தக் குழப்பத்தோடு பெண்டாங் ஊரில் ஒரு மதிய விருந்துக் கூட்டத்துக்குப் பேசப் போயிருக்கக் கூடாது. வயல் நடுவே ஒரு சிறு மண்டபம், நாற்பது பேர். சமையல் மணம் உள்ளே வந்துகொண்டிருந்தது. ‘இன்றைய உலகில் ஜனநாயகம்’ என்பது தலைப்பு. ஒரு காலத்தில் நான் பேசினால் ஆட்கள் லயத்து வாசலைவிட்டு நகர மாட்டார்கள். அந்த நினைப்பில் ஆறு புத்தகங்களின் ஆறு கருத்துகளையும் ஒரு மணி நேரம் விளக்கினேன். எது சரி என்று சொல்ல வேண்டிய இடம் வந்தபோது, அது எனக்கும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டேன். நன்றி சொல்ல எழுந்தவர் ஓர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. ரொம்ப மரியாதையான மனிதர். அவர் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “தோழர் ஜனநாயகத்தப் பத்தி எல்லாம் சொல்லிட்டாரு. அது வேணுமா வேணாமான்னு மட்டும் சாப்பாட்டுக்கு அப்பறம் சொல்லுவாரு.”

யாருடைய கை?

திரும்பி வந்தபோது மேசையில் ஒரு கடிதம் இருந்தது. வரும் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் பதவிக்குத் தான் போட்டியிடுவதாகவும், ஓட்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்றும் சரோஜா எழுதியிருந்தாள். அவள் ஜெயித்தால் பக்க அறை முறுக்குக்குப் போகும் என்று தனியாக எழுதத் தேவையில்லை. போட்டிகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ரகசியம் என்ற சொல்தான் சுட்டது. எங்கள் மன்றத்தில் எப்போதும் கை தூக்கித்தான் முடிவெடுப்போம். பங்களா வாசலில் நிர்வாகி பார்க்கப் பார்க்க நூற்றுக்கு மேற்பட்ட கைகள் தூக்கியவர்கள் நாங்கள். அதே வழக்கம்தான் ஆண்டுக் கூட்டத்திலும். லெட்சுமணன், “ஆட்சேபன உண்டா?” என்று கேட்டு மூன்று வரை வேகமாக எண்ணுவார். எல்லாக் கையும் மேலே போகும். நான் “ஏகமனதாக” என்று எழுதுவேன். இருபத்திரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

பெட்டியில் இருந்த ஒரு மெல்லிய புத்தகம் இதைப் பற்றித்தான் பேசியது. எல்லாரும் பார்க்கத் தூக்குகிற கை, தூக்குகிறவனுடையதாக இருக்க வேண்டியதில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம். அகராதியை மூடி வைத்துவிட்டேன். அதில் ஒரு சொல்லுக்குக்கூட அகராதி தேவைப்படவில்லை. மறுநாள் வீரையாவின் வீட்டுக்குப் போனேன். வயதானவர், எல்லாக் கூட்டத்திலும் முதலில் கை தூக்குகிறவர். எனக்காகத்தானே தூக்கினீர்கள் என்று நேராகக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க முன்னால உக்காந்து, பேனாவ வச்சுக்கிட்டு, எங்களையே பாக்கறீங்க. தோள்பட்ட வலியோடகூடத் தூக்கியிருக்கேன் தோழரே.”

மீன் வாங்கப் போன இடத்தில்

ரகசிய ஓட்டு என்று ஒப்புக்கொண்ட பிறகும் சிக்கல் தீரவில்லை. எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேருக்குச் சீட்டில் பெயர் எழுத வராது. இத்தனை வருடம் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். சீட்டும் நானே எழுதிக் கொடுக்கவா? இரண்டு படம் போட்டு அச்சடிக்கலாம் என்றேன். “நீங்களே அச்சடிச்சு, நீங்களே எண்ணி, நீங்களே எழுதிக்குவீங்களா?” என்று சரோஜா கேட்டாள். விஷயம் அப்படியே கிடந்தது.

அந்த வாரம் லெட்சுமணன் வீட்டு விசேஷத்துக்கு மீன் வாங்க இருவரும் மோட்டாரில் கடலோரத்துக் கோத்தா கோலா மூடாவுக்குப் போனோம். அங்கே மீன் ஏலம் கூவி விடுவதில்லை. படகு வந்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஏலக்காரர் நிற்பார். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் தோளில் கை போட்டு, காதோடு காதாகத் தங்கள் விலையைச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்காது. எல்லாரும் சொன்ன பிறகு, அதிக விலை சொன்னவனைக் கைகாட்டி மீனைக் கொடுத்துவிடுவார். சத்தமில்லை, சண்டையில்லை. எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். அன்றுதான் எனக்கு எங்கள் ஓட்டு நினைவுக்கு வந்தது. அங்கிருந்த ஏலக்காரர் பாக் ஹமீட், அறுபது வயதுக்காரர். யாராவது உங்களைச் சந்தேகப்பட்டதுண்டா என்று மலாயில் கேட்டேன். காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டே, ‘அண்ணே’யை மலாய் நாக்கில் ‘அனே’ ஆக்கிப் பதில் சொன்னார்: “அனே, இவன் சொன்னத அவன்கிட்ட நான் ஒரே ஒரு தடவ சொல்லிட்டா, நாளைக்கு இந்தக் காதுல கொசுகூடப் பேசாது.”

பாக் ஹமீட்டின் காது

யோசனை என் மனதிலேயே இருந்திருக்கும். லெட்சுமணன்தான் ஊர் திரும்பியதும் ரொட்டிக் கடையில் வைத்து எல்லாரிடமும் சொல்லிவிட்டார். சரோஜா உடனே பிடித்துக்கொண்டாள். அவருக்கு நம் ஆட்கள் யாரையும் தெரியாது, அவரையே கூப்பிடுங்கள் என்றாள். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு முறை இல்லை. ஆனால் இது கூடாது என்றும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இப்படியாக, கூட்டத்தன்று பாக் ஹமீட் வெள்ளைச் சட்டை, சொங்கோக் தொப்பி, சாரோங்கோடு வந்து நடு மண்டபத்தில் நின்றார். முப்பத்தெட்டு உறுப்பினர்கள். நான் நாற்பது நிமிடம் பேசினேன். தோட்டத்தின் வரலாறு, பங்களா வாசல், பசை, எல்லாம். சரோஜா அரை நிமிடம் பேசினாள். “எங்களுக்கு இடம் வேணும். அண்ணனுக்கு ஓய்வு வேணும்.” அவ்வளவுதான். பிறகு வரிசை. ஒவ்வொருவராகப் போய் அவர் தோளில் கை போட்டு, காதில் சொல்லிவிட்டு வந்தார்கள். வீரையா வெகுநேரம் சொன்னார். ஒரு பெயர் சொல்ல அத்தனை நேரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பாக் ஹமீட் எதையும் எழுதவில்லை. இத்தனை வருடம் மீன் விலைகளை மனதில் வைத்திருந்தவருக்கு இரண்டு பெயர் பாரமில்லை.

என் முறை வந்தது. குனிந்தேன். அவர் காதருகே கடலும் தைலமும் கலந்த வாசனை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் என் பெயரை நானே சொல்ல வேண்டி வந்ததே இல்லை. மற்றவர்கள் முன்மொழிவார்கள், மற்றவர்கள் வழிமொழிவார்கள், நான் தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். இன்னொரு மனிதரின் காதில் என் பெயரை மெல்லச் சொல்வது, கையேந்துவது மாதிரி இருந்தது. பின்னால் வரிசை காத்திருந்தது. “சரோஜா” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. பாக் ஹமீட் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்து, இது உறுதிதானா என்று மெதுவாகக் கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். “பரவால்ல அனே, மீனு வாங்குறவன்ல பாதிப் பேர் இப்படித்தான்.”

முடிந்த விலை

எல்லாரும் சொல்லி முடித்ததும் பாக் ஹமீட் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். சந்தையில் கைகாட்டுவது போலவே கையை நீட்டி, “சரோஜா” என்றார். கைதட்டல் பெரிதாக இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். நான் செய்யத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். குறிப்பேட்டைத் திறந்தேன். அவளுக்கு எத்தனை, எனக்கு எத்தனை என்று கேட்டேன். குறிப்பில் எழுத வேண்டுமல்லவா? ஒரு ஓட்டில் தோற்றேனா, ஊரே சேர்ந்து தள்ளிவிட்டதா? மனிதனுக்கு அதுகூடத் தெரிய வேண்டாமா?

பாக் ஹமீட் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். லெட்சுமணனும் கெஞ்சிப் பார்த்தார். அவர் அசையவில்லை. “முடிஞ்ச வெலைய மட்டும்தான் அனே சொல்லுவோம். கெடைக்காதவன் என்ன கேட்டான்னு சந்தையில யாருக்கும் தெரியாது. அதனாலதான் அவன் மறுநாளும் வர்றான்” என்றார்.

வாசலில்

எல்லாரும் தே தாரிக் தேநீர் குடித்துக் கலைந்த பிறகு, வழக்கம் போல நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இனி அது என் வேலை இல்லை என்று பத்தாவது நாற்காலியில்தான் நினைவுக்கு வந்தது. சரோஜா வாசலில் நின்றாள். ஜெயித்தவள் முகமாக இல்லை. அழுதிருந்தாள். ஏனம்மா என்று கேட்டேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னதைக் கேட்டு எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போய்விட்டது. அவளும் நானும் ஒருவர் ஓட்டை ஒருவர் ரத்துச் செய்துவிட்டோம். மீதி முப்பத்தாறு பேர் என்ன சொன்னார்கள் என்பது கோத்தா கோலா மூடாவுக்குப் போய்விட்டது. நான் யார் பெயரைச் சொன்னேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. ரகசியம் என்றால் ரகசியம். அவள் சொன்னது இதுதான்: “எம் பேர நானே எப்படிண்ணே ஒருத்தரு காதுல சொல்லுவேன்? வெக்கமா இருந்துச்சு. ஒங்க பேரத்தான் சொன்னேன்.”

முறுக்கு மணக்கும் அறை

இப்போது ஒரு மாதமாகிறது. புத்தக அலமாரிகளைச் சுவரோரம் தள்ளியிருக்கிறார்கள், வெளியே எறியவில்லை. எறிய மாட்டோம் என்று சொன்ன வாக்கில் சரோஜா தவறவில்லை. விரிசல் விட்ட தூண்கள் மேலும், சாய்ந்த ஓட்டுப் பெட்டிகள் மேலும் அரிசி மாவு படிந்திருக்கிறது. மாவு பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். மகேஸ்வரி வருவதில்லை. அவள் போட்ட ஓட்டு யாருக்கு என்று எனக்குத் தெரியாது, ஆனால் மின்விசிறிக்கு எதிராகப் போட்டிருக்க மாட்டாள். நான் காலையில் போய், ஒரு மூலையில் நாற்காலி போட்டு, ஒன்பதாவது பெட்டியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெண்கள் உடைந்த முறுக்குகளை ஒரு தட்டில் வைத்து என் பக்கம் தள்ளிவிடுவார்கள். தோற்றவனுக்கு இப்படி ஒரு ஏற்பாடு எந்த நாட்டிலும் இருப்பதாக நான் படிக்கவில்லை.

போன வாரம் சரோஜா குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்கு வந்தாள். புதிய குழுவில் அவளுடைய முறுக்குப் பெண்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள் வேண்டுமே என்று அதற்குக் காரணம் சொன்னாள். லெட்சுமணன் கூட்டத்தில் எதையோ கேட்டுவிட்டாராம், அது அவளுக்கு வருத்தம், கூட இருந்தே குழி பறிக்கிறார் என்றாள். நான் முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, அவள் அறியாமல் விரல்களை மடித்தேன். இரண்டு விரல் மடிந்திருந்தது. அப்போது அவள் குரலைத் தாழ்த்தி, அடுத்த வருடமும் பாக் ஹமீட்டைக் கூப்பிட்டே ஆக வேண்டுமா என்று ஆரம்பித்தாள். பிறகு, என்னைவிட நன்றாக, என் வாயிலிருந்தே எடுத்தது மாதிரிச் சொன்னாள்: “எல்லாரும் ஒத்துமையா இருக்கும்போது போட்டி எதுக்குண்ணே?”

அன்று மாலையே வீட்டில் பசை காய்ச்சினேன்: பதினொரு பெட்டியையும் படித்து முடித்தாலும் ஜனநாயகம் என்றால் என்னவென்று எனக்குப் புரியப்போவதில்லை, ஆனால் துண்டறிக்கையின் முதல் வரிக்கு ஓர் ஆளும் கடைசி வரிக்கு ஓர் இடமும் நேரமும் வெகு காலத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்திருக்கின்றன.